செலக்டரைத் திருப்பினவன் மேல தப்பில்ல

வால்வு கத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கத்தல் என்றால் நிஜக் கத்தல். பம்ப் ஹவுஸுக்குள் காலை வைத்தாலே பல் கூசும். அன்றைக்குக் கார் கம்பெனியில் ஏதோ மாடல் மாற்றம். அவர்கள் லைன் நின்றால், அவர்களுக்குப் பம்பர் செய்து கொடுக்கிற எங்களுடையதும் நிற்கும். பம்பர் அடிக்கிற மோல்டிங் மிஷின்களில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கிற மிஷினுக்குக் குளிர்ந்த தண்ணீர் எதற்கு என்று ஒவ்வொன்றிலும் வால்வை மூடியிருந்தார்கள். பம்ப் மட்டும் வழக்கம்போல முழு வேகத்தில் ஓடியது. போக இடமில்லாத தண்ணீர் பைப்பில் பிரஷரை ஏற்றியது. அதை அடக்க மெயின் வால்வையும் பாதி திருகி வைத்திருந்தார்கள். அந்த இடுக்கில் நசுங்கிப் போகிற தண்ணீரின் சத்தம்தான் அது.

பைப்பில் கை வைத்துப் பார்த்தேன். முழங்கை வரை நடுங்கியது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, பிரேக்கை வைத்தே வேகத்தைக் குறைக்கிற டிரைவரை நாம் என்ன சொல்லித் திட்டுவோம்? எங்கள் பம்பை நாங்கள் வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் ஏகாம்பரம் சார் நின்றிருந்தார். யூட்டிலிட்டி ஷிப்ட் இன்சார்ஜ், பிள்ளைப்பாக்கத்துக்காரர். வால்வை மூடுவதற்குப் பதிலாகப் பம்பையே மெதுவாக ஓட்டினால் என்ன சார் என்று கேட்டேன். அவர் என் ஹெல்மெட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"மெதுவா ஓட்னா லைன் நிக்கும். நின்னா நீ வந்து திட்டு வாங்குவியாம்மா?"

"வாங்கறேன் சார்."

யோசிக்காமல் சொன்னதுதான். இன்றுவரை அதை வாபஸ் வாங்கவில்லை.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ரிட்டயர் ஆனவர்கள். எனக்கு அதற்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை பொறுத்தால் விஷயம் மறந்துவிடும், இல்லையென்றால் கோபம் ஆறிவிடும். ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஏதோ ஒரு பிளான்ட்டில், யூட்டிலிட்டி என்ற பெயருள்ள மூலைக்கு இப்போதுதான் அனுப்பப்பட்டிருக்கிற உங்களுக்காக. தண்ணீர், காற்று, கரன்ட் எல்லாம் ஒழுங்காக வருகிறவரை நம்மை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. வராத அன்றைக்கு நம் பெயர் மைக்கில் வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

பம்பை மெதுவாக ஓட்ட ஒரு டிரைவ் வேண்டும், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. பிரித்துப்போட்ட ஒரு பழைய லைனிலிருந்து எடுத்த டிரைவ் ஸ்டோரில் தூசி தின்றுகொண்டிருந்தது. பெட்டி இருந்தால் போதாது. எப்போது எவ்வளவு வேகம் என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் பி.ஐ.டி. காலேஜில் எனக்கு அது மூன்று எழுத்து, ஒரு சமன்பாடு, பதினாறு மார்க். அது உண்மையில் என்னவென்று புரிந்தது கம்பெனி பஸ்ஸில்.

மணிமங்கலத்தில் ஏறி வந்தால், படப்பை தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்துதான் பஸ் போகும். முன்னால் போகிற லாரிக்கும் தனக்கும் நடுவில் ஒரு இடைவெளி வைத்தே டிரைவர் ஓட்டுவார். இடைவெளி கூடினால் மிதிப்பார், குறைந்தால் விடுவார். இப்போது எவ்வளவு தப்பாக இருக்கிறோம் என்று பார்க்கிற அந்த வேலைதான் பி. ரொம்ப நேரமாகவே பின்தங்கி வருகிறோம் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பார்; பழைய தப்பையெல்லாம் கூட்டி ஞாபகம் வைத்திருக்கிற வேலை ஐ. லாரி எவ்வளவு சீக்கிரம் கிட்டே வருகிறது என்று பார்த்து முன்கூட்டியே காலை எடுப்பது டி. பம்புக்கும் இதேதான். நாம் கேட்கிற பிரஷர் ஒன்று, பைப்பில் இருக்கிற பிரஷர் ஒன்று. நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்து வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த ஐயை மட்டும் மனசில் வையுங்கள். ஞாபகம் வைத்துக்கொள்கிற எழுத்து. அதுதான் பின்னால் ஒருவன் வேலைக்கு உலை வைத்தது.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். மெயின்டனன்ஸ் மேனேஜர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். காலேஜ் புராஜெக்ட் இன்னும் முடியவில்லையா என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துகொள்ளச் சொன்னார். செய்தோம். நானும் சுடலைமுத்துவும். முத்து பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர், கான்ட்ராக்ட், வள்ளியூர் பக்கம். என்னைவிட மூத்தவன், ஆனாலும் என்னை அக்கா என்பான். கம்பெனி ரோலில் இருக்கிற பெண்கள் எல்லோருமே அவனுக்கு அக்காதான். ஐம்பது வயது கேன்டீன் மேனேஜரும் அக்கா, நானும் அக்கா. சின்னதாக ஒரு பேனல் கட்டினோம். பி.ஐ.டி. கணக்கைப் போடுகிற கன்ட்ரோலருக்குக் கரன்ட் சப்ளை வேண்டுமே, கைக்கு எட்டின தூரத்தில் பம்ப் ஹவுஸின் லைட் லைன் இருந்தது, அதிலிருந்து எடுத்தோம். முகப்பில் ஒரு செலக்டர் சுவிட்ச்: இடது பக்கம் மேனுவல், வலது பக்கம் ஆட்டோ. அதன் கீழே, மேனுவலில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பட்டன்.

முதல் தடவை ஆட்டோவில் போட்டு, மெயின் வால்வை முழுக்கத் திறந்தபோது கத்தல் நின்றது. பம்ப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு முணுமுணுவென்று ஓடியது. வெளியே கூலிங் டவரில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அது எப்போதும் கொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, யாருக்கும் கேட்டதில்லை. ஏகாம்பரம் சார் எட்டிப் பார்த்து, "பம்பு ஓடுதா, நிறுத்திக்கினு கீறீங்களா?" என்றார். முத்து, ஓடுது சார், உங்கள மாதிரி பேசாம ஓடுது என்றான். அவனுக்கு வாய் அதிகம்.

இனி ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிளான்ட்டில் ஷிப்ட் முடிந்து போகிறவர், வருகிறவர் கையில் பம்பை 'ஃபுல்லில்' கொடுத்துவிட்டுத்தான் போவார். எந்த உத்தரவும் இல்லை, எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவது மாதிரி அது நடக்கும். ஆட்டோ வந்த பிறகு இந்தப் பழக்கம் என்ன ஆனது? ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வந்ததும், போகிறவர் கடைசி வேலையாகச் செலக்டரை மேனுவலுக்குத் திருப்பிவிட்டுப் போவார். பம்ப் விடியவிடிய முழு வேகத்தில் ஓடும். காலையில் நான் வந்து ஆட்டோவில் போடச் சொல்வேன். தினமும் இதே கூத்து. ஏகாம்பரம் சாரிடம் சண்டையே போட்டேன். அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: பம்ப் ஃபுல்லில் ஓடினதுக்காக இந்த பிளான்ட்டில் யாரும் திட்டு வாங்கியதில்லை.

உண்மைதான். கரன்ட் வீணாவது யார் கண்ணிலும் படாது. லைன் நிற்பது எல்லோர் கண்ணிலும் படும். இந்தத் தொழிலில் நீங்கள் எதிர்த்து நிற்க வேண்டியது எந்த மிஷினையும் விட இந்தக் கணக்கைத்தான்.

அந்தச் சம்பவம் நடந்த காலையில் மழை. படப்பை அருகே ரோட்டில் தண்ணீர் நின்று பஸ் நகரவில்லை. முத்துவுக்குப் போன் போட்டு, ஆட்டோவில் போட்டுவிடு, நான் வர லேட் ஆகும் என்றேன். போட்டுட்டேங்க்கா என்றான். போனை வைக்கப் போனேன்.

"யக்கா, சத்தம் அடங்கிட்டு. ரொம்ப அடங்கிட்டுக்கா."

அடுத்து போனிலேயே எனக்கு அலாரம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு எண்ண முடியாதபடி. ஒவ்வொரு மிஷினிலும் ஒரு ஃப்ளோ சுவிட்ச் உண்டு. தண்ணீர் குறைந்தால் மிஷினை நிறுத்திவிடும். பம்ப் வேகம் ஒரேயடியாகக் கீழே விழுந்து, பைப்பில் பிரஷர் செத்து, அத்தனை சுவிட்சும் ஒன்றன்பின் ஒன்றாக மிஷின்களை நிறுத்திவிட்டன. ஏகாம்பரம் சார் வாசலிலிருந்து உள்ளே ஓடிவந்து செலக்டரை மேனுவலுக்குத் திருப்பினார். தண்ணீர் வந்துவிட்டது. லைன் வரவில்லை. உருகின பிளாஸ்டிக், அதை உருக்கித் தள்ளுகிற பேரல் குழாயிலேயே நின்று வெந்துபோய், அதையெல்லாம் வழித்துத் தள்ளி, ஒவ்வொரு மிஷினாக மறுபடி ஓட்டி, நல்ல பம்பர் வரும்போது மதியம் ஆகிவிட்டது. கார் கம்பெனியிலிருந்து போன்மேல் போன்.

நான் நனைந்த ஷூவோடு போய்ச் சேர்ந்தபோது மீட்டிங் தொடங்கியிருந்தது. கஸ்டமருக்குச் சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் போக வேண்டும்: காரணம் என்ன, என்ன நடவடிக்கை. மேனேஜர் டைப் செய்யச் சொல்லிவிட்டார். காரணம், ஆபரேட்டர் தவறு. செலக்டரைத் திருப்பும்போது ஆபரேட்டர் வேகம் குறைக்கிற பட்டனையும் அழுத்திவிட்டார். நடவடிக்கை, ஆபரேட்டர் நீக்கம்; செலக்டர் மேனுவலில் வைத்துப் பூட்டப்படும். கீழே புராஜெக்ட் இன்ஜினியர் என்று என் பெயர்.

முத்து பட்டனைத் தொடவில்லை என்றேன். நீ பார்த்தாயா என்று கேட்டார். நான் பஸ்ஸில் இருந்தேன். பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் ஏகாம்பரம் சார். அவர் பம்ப் ஹவுஸ் வாசலிலேயே நின்றிருந்தார். அவரைக் கேட்டார்கள். கவனிக்கவில்லை சார் என்று சொல்லிவிட்டு டேபிளைப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போதே எனக்குக் காரணம் பிடிபட்டிருந்தது. அந்த ஐதான். செலக்டர் மேனுவலில் இருக்கும்போது கன்ட்ரோலர் தூங்கவில்லை; அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பம்ப் முழு வேகத்தில் ஓடுவதால் பிரஷர் நாம் கேட்டதைவிட அதிகமாக இருக்கிறது. குறை, குறை, குறை என்று அது சொல்கிறது. அதன் பேச்சை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் மேனுவல். சொல்லச் சொல்லக் கேட்காமல் போக, அதன் ஞாபகத்தில் அத்தனையும் சேர்ந்துகொண்டே போகிறது. விடிந்ததும் ஒருவன் வந்து செலக்டரை ஆட்டோவுக்குத் திருப்புகிறான். ராத்திரி முழுக்கச் சேர்த்துவைத்த 'குறை' மொத்தமும் ஒரே நொடியில் பம்பின் தலையில் இறங்குகிறது. யார் திருப்பியிருந்தாலும் நின்றிருக்கும். கடவுளே வந்து திருப்பியிருந்தாலும்.

இதை மீட்டிங்கில் சொன்னேன். மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படின்னா தினமும் காலையில நின்னிருக்கணுமே? இத்தனை நாளா ராத்திரி மேனுவல், காலையில ஆட்டோன்னுதானே ஓடுது. இன்னைக்கு மட்டும் ஏன்?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்லிவிடுங்கள், நான் சொன்னேன். ஆனால் பதில் தெரியாததால் அடுத்தவன் தப்பு செய்தான் என்று ஆகிவிடாது, இல்லையா? அதையும் சொன்னேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொன்னேன்.

மேனேஜருக்கும் மேலே இருக்கிற பிளான்ட் ஹெட், டைப் செய்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சரி, உனக்கு என்னதான் வேண்டும் என்றார்.

"லைனை மறுபடியும் நிறுத்திக் காட்டணும் சார். அதே செலக்டர், அதே பம்ப். திருப்பறவர் மட்டும் வேற ஆள்."

மேனேஜர் சிரித்தேவிட்டார். பிளான்ட் ஹெட் சிரிக்கவில்லை. வருகிற வாரம் ஒரு நாள் கார் கம்பெனிக்கு மெயின்டனன்ஸ் லீவு, அன்றைக்கு மிஷின்களில் பொருள் ஓட்டாமல் தண்ணீரை மட்டும் சுற்றவிடு, பார்க்கலாம் என்றார். அதுவரை ரிப்போர்ட்டில் 'ஆய்வு நடக்கிறது' என்று போகட்டும். ஆனால் அந்தப் பையனின் கேட் பாஸ் தன்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

கேட் பாஸ் போனால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. கான்ட்ராக்ட் ஆளுக்குக் கேட் பாஸ்தான் எல்லாம். முத்து தங்கியிருந்தது இருங்காட்டுக்கோட்டையில் கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்த ரூம். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் ரூம் இல்லை. லைனை நிறுத்தினவன் என்ற பெயரோடு இந்தப் பக்கம் வேறு எந்தக் கான்ட்ராக்டரும் எடுக்கமாட்டான். அவர்களுக்குள் போன் ஓடிவிடும். நான் போய்ப் பார்த்தபோது பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆட்டோல போடச் சொன்னீங்க. இப்பம் பஸ்ல ஏத்துதாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டனைத் தொட்டாயா என்று ஒரு தடவை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அவன் முகம் மாறிவிட்டது. "நீங்களுமாக்கா?" என்றான். அடுத்த வாரம்வரை ஊருக்குப் போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ரூமில் இருந்த மற்ற பையன்கள் கான்ட்ராக்டருக்குத் தெரியாமல் அவனை வைத்துக்கொண்டார்கள்.

அந்த நாளும் வந்தது. பகல் வேளை. மிஷின்களுக்கெல்லாம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பொருள் ஓடவில்லை. செலக்டர் காலையிலிருந்தே மேனுவலில், பம்ப் ஃபுல்லில். மெயின் வால்வு முழுக்கத் திறந்து, அந்தக் காலையில் இருந்த மாதிரியே. பேனலுக்கு முன்னால் மேனேஜர், பிளான்ட் ஹெட், ஏகாம்பரம் சார், நான். என் லேப்டாப் காலையிலிருந்தே கன்ட்ரோலரில் மாட்டி, அதன் எண்களைப் பதிவு செய்துகொண்டிருந்தது, ஆனால் திரையை நான் இன்னும் திறக்கவில்லை. முத்துவுக்குப் பாஸ் இல்லாததால் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தான்.

நீங்களே திருப்புங்கள் சார் என்றேன் மேனேஜரிடம். பட்டன் பக்கம் போகாத மாதிரி இரண்டு விரலால் செலக்டரைப் பிடித்து, எங்களுக்கெல்லாம் காட்டி, திருப்பினார்.

ஒன்றும் ஆகவில்லை.

பம்ப் கொஞ்சம் வேகம் குறைந்தது, பிரஷர் லேசாக ஆடியது, சரியான இடத்தில் வந்து நின்றுகொண்டது. ஒரு அலாரமும் இல்லை. இவ்வளவு அழகாக அந்தப் பம்ப் அதற்கு முன்பு ஓடியதில்லை. மேனேஜர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். உங்க சிஸ்டம் நல்லாத்தான் வேலை செய்யுது மேடம் என்றார். மேடம் என்று அவர் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

இந்த இடத்தைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். லேப்டாப் என் மடியில் இருந்தது. ஐயின் ஞாபகம் ஒரு எண்ணாகத்தான் உள்ளே இருக்கிறது. இன்னொரு தடவை முயற்சி செய்யலாம் என்று சொல்லி, நடுவில் அந்த எண்ணை நானே அடியில் தள்ளிவிட்டால் போதும். பம்ப் செத்து விழும். ஒருவருக்கும் தெரியாது. முத்து பாஸ் வாங்கிவிடுவான். நான் சொல்கிற காரணம் சரி என்று எனக்குத் தெரியும், சரியான ஒன்றை நிரூபிக்கச் சின்னதாக ஒரு தள்ளு. விரல் லேப்டாப் மூடிக்குப் போய்விட்டது என்பதை மறைக்கமாட்டேன்.

தள்ளவில்லை. நல்ல பிள்ளையாக இருந்ததால் இல்லை. பிடிவாதம்தான். அப்படித் தள்ளினால் 'இன்றைக்கு மட்டும் ஏன்' என்ற அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். என்றாவது ஒரு காலை, நான் இல்லாதபோது, அது வேறொரு முத்துவைப் பிடிக்கும். பதில் தெரியாமல் ஜெயிப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். ஐயின் எண் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். காலையிலிருந்து மேனுவலில் இருக்கிற கன்ட்ரோலரில் அது அடிமட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் கோட்டை வரைந்து பார்த்தால், இறங்கிக்கொண்டே வந்து, நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால் திடீரென்று பழைய இடத்துக்கே போயிருந்தது. யாரோ அதன் நினைவை அழித்த மாதிரி.

"சார், நாம வர்றதுக்கு முன்னாடி இங்க எதாவது நடந்துச்சா?"

ஏகாம்பரம் சாரைப் பார்த்துத்தான் கேட்டேன். ஒண்ணும் நடக்கலியே என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். லைட்டு ஒரு வாட்டி போய் வந்துச்சு, ஜெனரேட்டர் டெஸ்ட், டெய்லி பண்றதுதானே என்றார்.

கரன்ட் போனால் சமாளிக்க ஜெனரேட்டர் இருக்கிறது, அது தயாராக இருக்கிறதா என்று தினமும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். வேலை நாட்களில் காலையில், கம்பெனி பஸ்கள் வந்து சேர்வதற்குச் சற்று முன்னால். மெயின்டனன்ஸ் லீவு என்பதால் அன்றைக்குப் பகலில் செய்திருந்தார்கள். அப்போது லைட் லைன் ஒரு கண் சிமிட்டும். எங்கள் கன்ட்ரோலர் சப்ளை எடுத்திருந்தது அந்த லைட் லைனிலிருந்து. பம்புக்கு வேறு லைன், அது நிற்காது. சிமிட்டுகிற அந்த நொடியில் கன்ட்ரோலர் அணைந்து எழுந்திருக்கிறது; ராத்திரி முழுக்கச் சேர்த்த ஞாபகத்தையெல்லாம் தொலைத்துவிட்டு எழுந்திருக்கிறது. தினமும் காலையில் எங்களைக் காப்பாற்றியது அந்தக் கண் சிமிட்டல்தான்.

"நம்ம லைன் நின்ன அன்னைக்கு ஜெனரேட்டர் டெஸ்ட் பண்ணாங்களா சார்?"

ஏகாம்பரம் சார் ஜெனரேட்டர் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். "இல்லம்மா. அன்னிக்கு அத்த சர்வீசுக்குப் பிரிச்சுப் போட்டுகினு இருந்தாங்க."

பிளான்ட் ஹெட் மேனேஜரைப் பார்த்தார். நான் செலக்டரை மறுபடியும் மேனுவலில் போட்டேன். பம்ப் ஃபுல்லுக்கு ஏறியது. ஜெனரேட்டர் பக்கம் யாரும் போகக் கூடாது, ஐ அடிமட்டத்துக்கு இறங்க ஒரு சாப்பாட்டு நேரம் போதும், சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றேன். பசிக்காதவர்களையும் கேன்டீனுக்கு அனுப்பினேன். லேப்டாப்பைக் கழற்றி ஏகாம்பரம் சார் கையில் கொடுத்துவிட்டேன். நடுவில் நான் ஏதாவது செய்தேன் என்று பேச்சு வரக் கூடாது.

திரும்பி வந்து மேனேஜரைத் திருப்பச் சொன்னேன். இந்தத் தடவை அவர் விரலைக் காட்டவில்லை. திருப்பினார்.

பம்பின் சத்தம் அப்படியே உட்கார்ந்துபோனது. பிரஷர் மீட்டரின் முள் சாய்ந்தது. பம்ப் ஹவுஸ் கதவு வழியாக மிஷின் ஷெட் தெரியும். ஒவ்வொரு மிஷினின் தலையிலும் சிவப்பு விளக்கு, முதலில் கடைசி மிஷின், பிறகு அதற்கு முன்னால் இருப்பது, வரிசையாக. அலாரம் எல்லாம் சேர்ந்து கத்தின. மேனேஜர் கையை இன்னும் செலக்டரிலிருந்து எடுக்கவில்லை.

"சார், இப்ப யார் கேட் பாஸைப் பிடுங்கலாம்?"

கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். கேட்டதில் எனக்கு வருத்தமில்லை.

அப்போதுதான் ஏகாம்பரம் சார் வாயைத் திறந்தார். அந்தப் பையன் பட்டன் பக்கமே போகவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். இதை அன்றைக்கே மீட்டிங்கில் சொல்லியிருந்தால் முத்து ஒரு வாரம் ஒளிந்து தூங்கியிருக்க வேண்டாமே என்று கேட்டேன்.

"சொன்னா, பாத்துகினு இன்னா புடுங்கினு இருந்தேன்னு என்னைக் கேப்பாங்க. எனக்கும் வூடு கீதும்மா."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது பொய்யும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவரோடுதான் தினமும் வேலை செய்கிறேன்.

முத்துவின் பாஸை பிளான்ட் ஹெட்டே கேட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ரிப்போர்ட் மாறியது, காரணம் என்ற இடத்தில் கன்ட்ரோல் லாஜிக் என்று வந்தது, ஆளின் பெயர் இல்லை. லாஜிக்கைச் சரிசெய்தேன்: மேனுவலில் இருக்கும்போது கன்ட்ரோலர் தன் கணக்கை ஓரம் வைத்துவிட்டு, பம்ப் உண்மையில் ஓடுகிற வேகத்தையே பின்தொடர வேண்டும். அப்போது யார், எப்போது திருப்பினாலும் விட்ட இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். லைட் லைனிலிருந்து சப்ளையையும் மாற்றிவிட்டோம். ஒரு தப்பை இன்னொரு தற்செயல் மூடி வைத்திருப்பது நல்லதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. மேனேஜர் செலக்டருக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தன் டிராயரில் வைத்திருக்கிறார். மேனுவலில் பூட்டியிருக்கிறது. வால்வு மறுபடி கத்துகிறது. முத்து வேலைக்கு வந்துவிட்டான், ஆனால் பேனல் பக்கம் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். எதையும் தொடச் சொல்லாதீங்கக்கா என்கிறான். வாய் குறைந்துவிட்டது. அந்தப் பம்ப் எத்தனை யூனிட் தின்றாலும் எனக்குக் கவலையில்லை, அவன் கை அப்படிக் கட்டிக்கிடப்பதுதான் பொறுக்கவில்லை. ஒரு மனிதனின் கையைப் பயமுறுத்திவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார்கள்.

சாவி கேட்டுக் கேட்டு மேனேஜர் அறையின் நாற்காலி எனக்கு உறவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓடுகிற பம்ப் எனக்கு வேண்டாம் என்றேன். வேலை நாளில், எல்லா மிஷினும் பொருள் ஓட்டும்போது, மோல்டு மாற்றுகிறவர்கள் வால்வைத் திறந்து மூடிப் பிரஷரைப் பாடாய்ப் படுத்துகிற நேரத்தில் ஓடினால்தான் ஓடினது. கடைசியில் ஒரே ஒரு தடவைக்குச் சம்மதித்திருக்கிறார். நின்றால் டிரைவ் திரும்ப ஸ்டோருக்கு, அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

வருகிற திங்கட்கிழமை காலை ஷிப்ட் மாறும்போது பூட்டைத் திறக்கிறோம். ராத்திரி முழுக்க மேனுவலில், ஃபுல்லில், ஏகாம்பரம் சாரின் பழக்கப்படியே ஓடியிருக்கும்; அவரிடம் மாற்ற வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். செலக்டரை ஆட்டோவுக்குத் திருப்பப் போவது முத்து. பக்கத்தில் யாரும் நிற்கமாட்டோம், நான் ஷெட்டின் அந்தக் கோடியில் கடைசி மிஷினின் விளக்கைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. லைன் நின்றால் காரணம் என்ற இடத்தில் எழுத வேண்டிய பெயரை மட்டும் இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். அது என் பெயர். இப்போது முத்துவிடம் அதைச் சொல்லப் போகிறேன்.